குளிரூட்டியின் இருதயம்

(கீரிமலையில் நிகழ்ந்த ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

   



ஆண்டு விழா மேடையிலே சமயத்தைப் பற்றியும் தமிழைப் பற்றியும் அறிஞர்கள் பேசிச் சென்றிருக்கிறார்கள். அவர்கள் நின்ற இடத்திலே கையில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு தொழிலாளியை நிறுத்தி, "உமது தொழிலைப் பற்றிச் சொல்லும்" என்று செயலாளர் பணித்துவிட்டார். நாம் நூல் பல கற்றவரல்லர். ஆயினும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குளிர்ப்பெட்டிகளையும் அறைகளைக் குளிர்விக்கும் யந்திரங்களையும் கழற்றிப் பூட்டி வந்தோம். சில ஆண்டுகள் பாரசீகக் குடாக் கரையிலும், பல ஆண்டுகள் இந்தக் குடாநாட்டிலும் இத்தொழிலே எமக்குச் சோறிட்டது. அதில் நாம் அறிந்தவற்றையும், அறியாமையால் நாம் செய்த பிழையொன்றையும் உங்கள் முன் வைப்பதே எமது நோக்கம்.

முதலில் ஒரு வினா. நம்மூர்க் கேணியில் முழுகி எழுந்து, ஈரத்தோடு கரையில் நின்றால் உடம்பு நடுங்குகிறதே, அஃது ஏன்? "தண்ணீர் குளிர், அதனால் நடுங்குகிறது" என்பீர்கள். அப்படியானால் நீருக்குள் நிற்கும்போதல்லவா கூடுதலாக நடுங்க வேண்டும்? உண்மை யாதெனின், காற்றுப் படும்போது உடம்பிலுள்ள நீர் ஆவியாகின்றது. ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை அது நம் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. கூசாவிலே வைத்த நீர் குளிர்வதும் இதே நியாயத்தால்தான். கூசாவின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கொண்டுபோகிறது.

குளிரூட்டும் யந்திரம் செய்வதும் இதுவே. அது குளிரை உண்டாக்குவதில்லை. அறையிலுள்ள வெப்பத்தை அள்ளிக்கொண்டுபோய் வெளியே கொட்டுகிறது. அந்த வேலைக்கு நாம் காஸ் என்று சொல்லும் ஒரு பொருள் குழாய்களுக்குள்ளே சுற்றி வருகின்றது. அறைக்குள் இருக்கும் சுருட்குழாயில் அது திரவ நிலையிலிருந்து ஆவியாகும். ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை உறிஞ்சும். அந்த ஆவியைக் கொம்பிறசர் இழுத்து நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். நெருக்கப்பட்ட காஸும் அவ்வாறே சூடேறி, வெளியே இருக்கும் பெட்டியின் சுருட்குழாய்க்குப் போகும். அங்கே விசிறி வீசும் காற்றுக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகும். பின்னர் ஒரு நுண்ணிய துவாரத்தின் வழியே அமுக்கம் குறைந்து, மறுபடியும் அறைக்குள் வரும். இந்தச் சுற்றோட்டத்தை நடத்துவது கொம்பிறசர். ஆதலால் அதனை யந்திரத்தின் இருதயம் என்கிறோம்.

இந்தக் கலைக்கு ஒரு சரித்திரமும் உண்டு. 1897ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் சுவாமி விவேகானந்தர் யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியிலே பேசினார் என்பதை இச்சபையில் அறியாதார் இரார். இங்கிருந்து சென்ற சுவாமிகள் பெப்ரவரி மாதத்தில் சென்னையில் ஒன்பது நாள் தங்கிய கட்டடத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்று பெயர். ஏன் அந்தப் பெயர்? அமெரிக்க வியாபாரியாகிய பிரெடெரிக் ரியூடர் என்பவர், அந்நாட்டு ஏரிகளில் மாரி காலத்தில் உறையும் பனிக்கட்டியை வாளால் அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார். 1833இல் முதற் கப்பல் கல்கத்தாவை அடைந்தது. 1842இல் சென்னைக் கடற்கரையில், வந்த பனிக்கட்டியைச் சேமிக்கும் களஞ்சியமாக எழுந்ததே அந்த ஐஸ் ஹவுஸ். பனிக்கட்டியை இங்கேயே செய்யும் யந்திரம் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

வியாபாரம் அழிந்தாலும் அதன் அளவு மட்டும் அழியவில்லை. "ஒரு தொன் ஏசி" என்கிறோமே, யந்திரம் ஒரு தொன் நிறை என்பதல்ல அதன் பொருள். 2,000 இறாத்தல் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அவ்வளவு வெப்பத்தை ஒரு நாளில் வெளியேற்றும் யந்திரம் என்பதே பொருள். இக்காலக் கணக்கில் அது ஏறக்குறைய மூன்றரைக் கிலோவாற்று. 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புறூக்ளின் நகரத்து அச்சகமொன்றிலே வில்லிஸ் கரியர் என்னும் இளம் எஞ்சினியர் அமைத்த யந்திரத்தையே இக்காலக் குளிரூட்டிகளின் மூதாதை என்பர். அஃது அமைக்கப்பட்டது மனிதருக்காக அன்று. ஈரத்தினால் கடதாசி நீண்டு சுருங்கி, நிற அச்சுப் பிசகியதைத் தடுப்பதற்காக. கடதாசிக்கு வந்த சுகம் பின்னர் நமக்கும் வந்தது.

இனி, நம் ஊருக்கு வருவோம். 1990ஆம் ஆண்டில் வலிகாம வடக்கு மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினோம். போர் 2009இல் முடிந்த பின்னரும் திரும்பி வருதல் ஒரே நாளில் நிகழவில்லை, படிப்படியாகவே நிகழ்ந்தது. மயிலிட்டித் துறைமுகம் 2017இலேதான் மக்களிடம் மீண்டது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. கூரையின்றிக் கிடந்த வீடுகள் கூரை பெற்றன. விடுதிகளும் கல்யாண மண்டபங்களும் எழுந்தன. ஆடி அமாவாசைக்கு வெளிநாடுகளிலிருந்து வரும் உறவினர் "வெக்கை தாங்கேலாது" என்று சொல்ல, அறைக்கு அறை குளிரூட்டியும் வந்தது. மீனவர்க்குப் பனிக்கட்டி வேண்டும். மருந்துக்கடைக்கும் ஆசுபத்திரிக்கும் குளிர்ப்பெட்டி வேண்டும். எல்லாவற்றின் உள்ளேயும் இருப்பது இந்த ஒரே இருதயம்.

ஆனால், கீரிமலைக் கரையில் அந்த இருதயத்துக்கு ஆயுள் குறைவு. நம் கரை வடக்கு நோக்கியது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடலின் உப்பு நேரே வந்து வெளிப்பெட்டியின் மேல் படிகிறது. அதனுள்ளே செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கின்றன. இரு வேறு உலோகங்களுக்கிடையே உப்பு நீர் சேர்ந்தால் அஃது ஒரு மின்கலத்தைப் போலாகி, அலுமினியத்தைத் தின்னத் தொடங்கும். தகடு பொடியாய் உதிரும். உதிர்ந்தால் வெப்பம் வெளியேறாது. வெப்பம் வெளியேறாவிட்டால் அமுக்கம் ஏறும். அமுக்கம் ஏறினால் கொம்பிறசர் அளவுக்கு மிஞ்சி உழைக்கும். உள்ளிருக்கும் எண்ணெய் கருகும். சுருளின் மேற்பூச்சு எரியும். ஒரு நாள் நின்றுவிடும். அப்போது வீட்டுக்காரர், "கொம்பிறசர் கூடாது, கொம்பனி கூடாது" என்பார். கூடாதது கொம்பிறசர் அன்று. மாதமொருமுறை நன்னீர் ஊற்றிக் கழுவாத கையே. நன்னீர் என்று அழுத்திச் சொல்கிறோம். கரையோரக் கிணற்று உவர்நீரால் கழுவுவது, புண்ணிலே உப்பைத் தேய்ப்பதற்கு ஒப்பாகும்.

எமது அனுபவத்தில் ஒரு சம்பவம். கரைக்கு அண்மையிலுள்ள ஒரு மண்டபத்திலிருந்து எமக்கு அழைப்பு வந்தது. இரண்டு ஆண்டுகளில் மூன்று கொம்பிறசர் மாற்றியாயிற்று, மூன்றாவதும் நின்றுவிட்டது, நான்காவதைப் பூட்டித் தரும்படி கேட்டார்கள். நாம் போய்ப் பார்த்தோம். வெளிப்பெட்டி, மண்டபச் சுவருக்கும் மதிலுக்கும் இடையே இரண்டு முழ இடுக்கிலே வைக்கப்பட்டிருந்தது. அது வெளியே தள்ளும் சுடுகாற்று மதிலில் மோதித் திரும்பி, அதற்குள்ளேயே புகுந்துகொண்டிருந்தது. முதலாவது கொம்பிறசர் இவ்வாறு வெந்து எரிந்தது. எரியும்போது, காஸும் எண்ணெயும் உள்ளே கலந்திருந்த ஈரமும் சேர்ந்து அமிலமாகும். அந்த அமிலம் குழாய் முழுவதும் படிந்திருக்கும். குழாயைச் சுத்தம் செய்யாமலும், வடிகட்டி உலர்த்தியை மாற்றாமலும் இரண்டாவதைப் பூட்டினார்கள். பழைய அமிலம் புதிய சுருளை அரித்தது. மூன்றாவது முறை வந்தவர் குழாயைச் சுத்தம் செய்தார். ஆனால் மதிலைப் பார்க்கவில்லை. அது மீண்டும் வெந்தது.

நாம் சொன்னோம்: "ஐயா, நான்காவது கொம்பிறசரைப் பூட்டுவதற்கு முன் பெட்டியை இடம் மாற்றுவோம்." உரிமையாளர் தயங்கினார், செலவு கூடுமே என்றார். மூன்று கொம்பிறசரின் செலவைக் கணக்குப் போட்டுக் காட்டினோம். பெட்டி மண்டபத்தின் தென்புறம், வாடைக்கு மறைவான திறந்த இடத்துக்கு மாறியது. ஐந்து மாரி கழிந்துவிட்டது. அந்த நான்காவது இன்றைக்கும் ஓடுகிறது.

ஆகவே, இளைஞர்களே, கொம்பிறசர் தானாக இறப்பது அரிது. பெரும்பாலும் வேறொரு குற்றம் அதனைக் கொல்கிறது. கொன்றது எது என்று அறியாமல் புதியதைப் பூட்டுகிறவன், அடுத்ததற்கும் குழி வெட்டுகிறான்.

இனி எமது பிழையைச் சொல்லும் முறை வந்தது. சொல்லாமல் விட்டால் இப்பேச்சுக்குப் பயனில்லை.

நாம் தொழில் பழகி இரண்டாம் ஆண்டு. கைவேலை கொஞ்சம் வந்துவிட்டது. வாய்வீச்சு அதனினும் கூடுதலாக வந்துவிட்டது. கணவனை இழந்த ஓர் அம்மா சிறு கடை வைத்து, ஒரு குளிர்ப்பெட்டியிலே சர்பத்தும் ஐஸ்பழமும் விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்துக்கொண்டிருந்தார். பெட்டி நின்றுவிட்டது. எம் குரு வேறு வேலையாய்ப் போயிருந்தமையால் நாம் தனியே போனோம். மின்சாரத்தைப் போட்டால் கொம்பிறசர் ஒரு முறை முனகிவிட்டு நின்றது. மறுபடி போட்டோம், மறுபடி முனகல். மீற்றரைக் கையில் எடுக்காமலே, "அம்மா, கொம்பிறசர் செத்துப்போச்சு, புதுசு போடவேணும்" என்று தீர்ப்புச் சொன்னோம். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. கையிலிருந்த காப்பை அடைவு வைத்துக் காசு கொண்டுவந்தார். புதியது பூட்டினோம், கூலியும் வாங்கினோம், பழையது பட்டறை மூலைக்குப் போயிற்று.

பல மாதம் சென்று, புதிதாய்ச் சேர்ந்த ஒரு பையனுக்குப் பாடம் சொல்வதற்காக, குரு அந்தப் பழைய கொம்பிறசரை எடுத்து மேசைமேல் வைத்தார். மீற்றரால் அளந்தார். மூன்று முனைகளும் சரியாக இருந்தன. தொடங்குவதற்கு உதவும் கபசிற்றரை மட்டும் மாற்றி மின்சாரம் கொடுத்தார். அது முனகவில்லை. சீராய் ஓடியது. குரு எம்மை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. ஒரு சிறு கபசிற்றருக்குப் பதிலாக ஒரு காப்பை நாம் வாங்கியிருந்தோம்.

அன்று மாலையே அந்தக் கடைக்குப் போனோம். அதற்கிடையில் அடைவு மூழ்கிவிட்டது. காப்பு ஏலத்திற் போய்விட்டது. நடந்ததைச் சொன்னோம். மாதா மாதம் காசைத் திருப்பித் தருவதாகச் சொன்னோம். ஓராண்டு எடுத்தது, தந்து முடித்தோம். அந்த அம்மா அன்று சொன்ன சொல் இன்றும் காதில் இருக்கிறது: "தம்பி, அப்பவே வடிவாப் பாத்திருந்தாக் காப்பு மிஞ்சியிருக்கும். இனி வாற ஆக்களுக்கெண்டாலும் பாத்துச் சொல்லு." அதற்குப் பின்னர் மீற்றர் வையாமல் எந்தக் கொம்பிறசருக்கும் நாம் மரணத் தீர்ப்புச் சொன்னதில்லை.

அந்த அளவை எவ்வாறு எடுப்பது? இச்சபையில் தொழில் பழகும் பிள்ளைகள் இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறோம். முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். கபசிற்றரில் தங்கியிருக்கும் மின்னை ஒரு தடை கொண்டு இறக்க வேண்டும். இல்லையேல் அது கையை உதறிவிடும். சாதாரண ஒற்றைத் தறுவாய்க் கொம்பிறசருக்கு மூன்று முனைகள் உண்டு: பொதுமுனை, ஓடுமுனை, தொடங்குமுனை. பொதுவுக்கும் ஓடுமுனைக்கும் இடையே தடை மிகக் குறைவு; பொதுவுக்கும் தொடங்குமுனைக்கும் இடையே அதிலும் கூட; ஓடுமுனைக்கும் தொடங்குமுனைக்கும் இடையே அவ்விரண்டினதும் கூட்டுத்தொகை வரவேண்டும். இரண்டு ஓமும் ஐந்து ஓமும் என்றால், மூன்றாவது ஏழு ஓம். கணக்குத் தப்பினால் சுருள் பழுது. பின்னர், எந்த முனைக்கும் வெளி உலோகத்துக்கும் தொடர்பு இருக்கின்றதா என்று மெகர் கொண்டு பார்க்க வேண்டும். இருந்தால் அது எர்த் ஆகிவிட்டது. இன்வேட்டர் வகைக்கு மூன்று அளவும் சமமாய் இருக்கும். உடல் கொதித்துக் கிடந்தால் உள்ளிருக்கும் காவற்கருவி தொடர்பை வெட்டியிருக்கவும் கூடும். ஆறவிட்டுப் பார்க்க வேண்டும். இவையெல்லாம் சரியென்றால் கபசிற்றர், ரிலே, மின் அழுத்தம் ஆகியவற்றை நோக்க வேண்டும். இத்தனைக்கும் கால் மணி நேரம் போதும். அந்தக் கால் மணி நேரத்தை நாம் அன்று செலவிட்டிருந்தால் ஒரு காப்புப் பிழைத்திருக்கும்.

மின் அழுத்தம் என்றோம். நம் நாட்டில் 230 வோல்ற்று, அதிலே நூற்றுக்கு ஆறு கூடவோ குறையவோ போகலாம் என்பது விதி. அதற்குக் கீழே இறங்கினால் கொம்பிறசர் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அக்காலத்தில் எமது பட்டறைக்கு வந்த கொம்பிறசர்கள் கொஞ்சமல்ல. ஓடிக்கொண்டிருந்தது நின்ற மறுகணமே மீண்டும் தொடங்கினால், ஒரு புறத்தே உயர்ந்த அமுக்கம் இருக்க அதனை எதிர்த்துச் சுழல முடியாமல் திணறும். மூன்று நிமிடமாவது விட்டால் இரு புறமும் சமனாகிவிடும். புதிய யந்திரங்களில் இதற்குக் கடிகாரம் இருக்கிறது. பழையவற்றுக்கு நாம்தான் கடிகாரம். மின்சாரம் போனதும் ஆளியை அணைத்துவிடுங்கள். வந்து சற்றுப் பொறுத்துப் போடுங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால் அதற்கும் ஒரு முறை உண்டு. உள்ளிருக்கும் காஸை முதலில் மீட்பு யந்திரத்தால் உருளைக்குள் ஏற்ற வேண்டும். பழைய எண்ணெயை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்க்க வேண்டும். கறுத்துக் காரநாற்றம் வீசினால் உள்ளே எரிந்திருக்கிறது என்று பொருள். அமிலப் பரிசோதனையும் செய்ய வேண்டும். வடிகட்டி உலர்த்தியைத் தவறாது மாற்ற வேண்டும். குழாயைப் பற்றவைக்கும்போது உள்ளே நைதரசனை மெல்லச் செலுத்த வேண்டும். இல்லாவிடில் செப்பின் உட்புறம் ஒட்சியேறிக் கறுத்து, அந்தப் பொருக்கு உதிர்ந்து நுண்துளையை அடைக்கும். புதிய கொம்பிறசரின் மூடிகளைக் கடைசி நேரத்திலேதான் கழற்ற வேண்டும். இக்காலத்து எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உப்பைப் போல் உறிஞ்சும்; கால் மணிக்கு மேல் திறந்து வைத்தல் ஆகாது.

பின்னர் வெற்றிடம் இழுத்தல். "பத்து நிமிடம் பம்ப் ஓடினால் போதும்" என்று சொல்பவர் இருக்கிறார்கள். எதற்காக இழுக்கிறோம்? காற்றை எடுப்பதற்கு மட்டுமன்று, ஈரத்தை எடுப்பதற்கும். 30 பாகை வெப்பத்தில் நீர் கொதிக்க வேண்டுமானால் அமுக்கம் இரச மட்டத்தில் 32 மில்லிமீற்றருக்குக் கீழே இறங்க வேண்டும். நாம் அதிலும் கீழே, அரை மில்லிமீற்றர், அதாவது 500 மைக்குரோன் வரை இறக்கி, பம்பை அடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மானி சிறிது ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. நில்லாமல் ஏறிக்கொண்டே போனால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அசையாமல் நின்றால் வேலை சுத்தம். அதற்குப் பின் யந்திரத்தின் தகட்டில் எழுதிய நிறையைத் தராசில் நிறுத்துக் காஸ் ஏற்ற வேண்டும். கைமதிப்பில் ஏற்றுவது சமையலுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

உயிரைப் பற்றிய மூன்று எச்சரிக்கைகளை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ஒன்று: ஓட்டை பார்ப்பதற்கு ஒட்சிசன் உருளையை ஒருபோதும் பூட்டாதீர்கள். அமுக்கத்திலுள்ள ஒட்சிசனும் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். நைதரசன் மட்டுமே, அதுவும் அமுக்கத்தைக் குறைக்கும் கருவியோடு. இரண்டு: யந்திரத்தைக் கழற்றி இடம் மாற்றும்போது காஸை வெளிப்பெட்டிக்குள் இழுப்பதுண்டு. அவ்வேளையில் குழாய் கழன்றோ திறந்தோ இருந்து காற்று உள்ளே புகுந்தால், டீசல் எஞ்சினில் எரிவது போலக் கொம்பிறசருக்குள் எரிந்து வெடிக்கும். மூன்று: ஆர்-22 ஓடிய யந்திரத்தில் ஆர்-410ஏ ஏற்றாதீர்கள், அதன் அமுக்கம் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேல், எண்ணெயும் வேறு. இப்போது வரும் ஆர்-32, புரொப்பேன் என்பவை தீப்பற்றக் கூடியவை. காஸின் பெயரைப் படியாமல் தீச்சுவாலையைக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது.

இனிக் காஸை வெளியே விடுவதைப் பற்றி. எமது இளமையில், பழைய காஸைக் குழாயை வெட்டி "சீ..." என்று வெளியே விடுவதே வழக்கம். கண்ணுக்குத் தெரியாதது, காற்றோடு காற்றாய்ப் போய்விடும் என்று எண்ணினோம். 1974ஆம் ஆண்டிலேயே மொலினா, றோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள், இவ்வகைக் காஸிலுள்ள குளோரீன் வானத்தின் ஓசோன் படையை அழிக்கும் என்று எழுதினர். 1985இல் அந்தாட்டிக்காவுக்கு மேலே அந்தப் படை பெரிதும் மெலிந்திருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர் கண்டு வெளியிட்டனர். 1987 செப்டெம்பர் 16இல் மொன்றியல் உடன்படிக்கை பிறந்தது. 1989 டிசம்பரில் இலங்கையும் அதிற் சேர்ந்தது. அதன்படி ஆர்-22 படிப்படியாகக் குறைந்து வருகின்றது. நம்மைப் போன்ற நாடுகளுக்கு, பராமரிப்புக்கான சிறு அளவு நீங்கலாக, 2030ஆம் ஆண்டு எல்லையாகும். ஓசோனுக்குத் தீங்கு செய்யாத புதிய காஸ்களும் பூமியைச் சூடேற்றுகின்றன என்பதால், 2016இல் கிகாலி நகரில் திருத்தம் வந்தது. 2018இல் இலங்கை அதனையும் ஏற்றது.

ஒரு கிலோ ஆர்-22ஐ வெளியே விட்டால், நூறாண்டுக் கணக்கில் அது 1,800 கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடேற்றும். ஓர் அறையைக் குளிர்விக்க வந்தவர் ஊரைச் சூடாக்கிவிட்டுப் போகலாமா?

எண்ணெயும் அவ்வாறே. நம் மண்ணின் கீழே இருப்பது சுண்ணக்கல். மேலே ஊற்றியது கீழே கசிந்து கிணற்றுக்குப் போகும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போனதை அறிவீர்கள். அது பெரிய அளவில் நிகழ்ந்தது. ஆனால் வேலிக்கரையில் நாம் ஊற்றும் அரைப் போத்தல் அமில எண்ணெயும் அதே வழியாற்றான் போகும். கேணியிலே ஊறி வரும் நீரும் இந்தக் கல்லினூடாக வருவதே. பழைய எண்ணெயை அடைத்து வைத்து, முறைப்படி ஒப்படைக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். பிள்ளை கைத்தொழில் பழகப் போகிறேன் என்றால், "படிப்பு ஏறவில்லைப் போலும்" என்று முகம் சுளியாதீர்கள். நாம் சொன்ன ஓம் கணக்கும், இரச மட்டமும், உலோகங்களின் பகையும் படிப்பில்லாமல் வருமா? தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழோடு இத்தொழிலைக் கற்பிக்கும் அரச பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. முறையாய்க் கற்றவன் இங்கும் வாழலாம்; எங்கும் வாழலாம். கற்காமல் முறுக்குச்சாவி பிடித்தவன் பிறர் காப்பை அடைவுக்கு அனுப்புவான். அப்படி அனுப்பியவர் சொல்கிறோம்; நம்புங்கள்.

சங்கத்துக்கும் ஒரு யோசனை. வாடைக்காற்றுத் தொடங்குவதற்கு முன், ஆண்டுக்கொரு சனிக்கிழமையை ஒதுக்குவோம். இளைஞர்கள் அணியாய்ப் போய், வயோதிபர் தனித்திருக்கும் வீடுகளில் குளிர்ப்பெட்டியின் பின்புறத்தையும் குளிரூட்டியின் வெளிப்பெட்டியையும் மின்சாரம் துண்டித்து நன்னீரால், துணியால், தூரிகையால் துப்புரவாக்கிக் கொடுக்கலாம். ஒவ்வொரு யந்திரத்தோடும் ஒரு சிறு கொப்பியைக் கட்டி, என்று என்ன வேலை செய்தது, எவ்வளவு காஸ் ஏற்றியது என்று எழுதி வைக்கலாம். அடுத்து வருகிறவனுக்கு அந்தக் கொப்பி பாதி வைத்தியம். முதல் ஆண்டுக்கு வேண்டிய தூரிகைகளும் கொப்பிகளும் எமது பட்டறையின் பங்கு. இதனைச் செய்வதற்குச் செயற்குழு இன்றே ஒரு நாளைக் குறித்தால் மகிழ்வோம்.